செகண்ட் ஷை எடுக்கிறேன், படிக்க இருந்தால் மனம் நிற்பதில்லை. என்ன செய்வது?

கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். உயர்தரம் உயிரியல் பிரிவு, செகண்ட் ஷை, அதாவது பரீட்சைக்கு இரண்டாம் தடவை. பாடசாலை முடிந்துவிட்டதால் வீடும் டியூசனும்தான். புத்தகத்தைத் திறந்து பத்து நிமிடத்தில் மனம் எங்கேயோ போய்விடுகிறது. மோட்டிவேஷன் வீடியோ பார்த்தால் இரண்டு நாளைக்கு நன்றாகப் படிக்கிறார், மறுகா பழையபடி. "ஆர்வம் வர என்ன செய்ய வேணும்? எனக்கு மூளையில ஏதும் பிரச்சினையா?" என்று முடித்திருக்கிறார். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. ஆர்வம் ஏன் நிலைக்கவில்லை, உட்கார்ந்திருக்கிற நேரத்தில் கவனம் ஏன் சிதறுகிறது, எனக்கு ஏதும் கோளாறா என்கிற பயம். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் ஒன்றுக்கும் பதில் கிடைக்காது.

நான் இரசாயனவியல் படிப்பித்தவன். கல்முனைப் பக்கத்திலும் மட்டக்களப்பிலும் உயர்தர வகுப்புகள் எடுத்து ஓய்வுபெற்றேன். பாடசாலையில் ஆலோசனை வழிகாட்டலும் என் பொறுப்பில் இருந்தது, அதற்குரிய பயிற்சியும் எடுத்திருக்கிறேன். ஆனால் நான் வைத்தியர் இல்லை. ஆகவே ஆய்வுகளில் உறுதியானது எது, என் அனுபவத்தில் பட்டது எது, ஆட்கள் சும்மா சொல்லித் திரிவது எது என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் ஆர்வம். ஆர்வம் வந்த பிறகுதான் படிக்க முடியும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். நடப்பது பெரும்பாலும் மறுபக்கமாகத்தான். கொஞ்சம் செய்து, அது கைகூடுவதைக் கண்ட பிறகுதான் ஆர்வம் வருகிறது. மனச்சோர்வுக்கு உளவியலாளர்கள் கொடுக்கிற சிகிச்சைகளில் நன்றாக நிரூபிக்கப்பட்ட ஒன்று இந்த வழியில்தான் போகிறது. மனம் சரியாகட்டும் என்று காத்திருக்க விடாமல், மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சின்னச் சின்ன வேலைகளை நேரம் குறித்துச் செய்யவைப்பார்கள். மனநிலை பின்னால் வரும். வீடியோக்களைப் பற்றிச் சொல்வதானால், அவை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை கொடுக்கிற சூட்டுக்கும் உங்கள் அசேதன இரசாயனத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. வீடியோ முடிந்து புத்தகத்தைத் திறந்தால் அதே பக்கம், அதே தாக்கங்கள், அதே குழப்பம். சூடு இரண்டு நாளில் ஆறாமல் என்ன செய்யும்?

அப்படியென்றால் உங்களுக்குப் படிக்கும்போது ஏன் ஒன்றும் கைகூடுவதாகத் தெரியவில்லை? என் கணிப்பில் உங்கள் பிரச்சினையின் வேர் இங்கேதான். செகண்ட் ஷை பிள்ளைகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பாடமெல்லாம் ஏற்கனவே ஒரு தடவை பார்த்தது. பக்கத்தைப் புரட்டினால் எல்லாமே தெரிந்த முகம். தெரிந்ததை வாசிக்க மூளைக்குச் சலிக்கும், அது வேறு வேலை தேடிப் போகும். ஆனால் பேப்பரைக் கையில் கொடுத்தால் அதே விசயம் வராது. வாசிப்பதற்கு மிகப் பழையது, விடை எழுதுவதற்கு இன்னும் பச்சை. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளையைத்தான் வீட்டார் "சோம்பேறி" என்கிறார்கள்.

ஒரு மாணவி தன் சோட் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். மஞ்சள், ரோஸ், பச்சை என்று ஹைலைட்டர் அடித்து, கடைசியில் நிறம் பூசாத வரியே அந்தக் கொப்பியில் இல்லை. நாலு தடவை வாசித்துவிட்டேன் சேர், மண்டையில் நிற்குதில்லை என்றார். கொப்பியை மூடச் சொல்லி ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தேன். அலுமினியம் அயன் உள்ள கரைசலுக்கு ஐதான சோடியம் ஐதரொட்சைட்டைத் துளித் துளியாகச் சேர்த்தால் என்ன நடக்கும், பிறகு மிகையாகச் சேர்த்தால் என்ன நடக்கும், சோடியம் ஐதரொட்சைட்டுக்குப் பதிலாக அமோனியாவை மிகையாகச் சேர்த்தால் என்ன நடக்கும் என்று மூன்று கேள்வி. முதலாவதை உடனே எழுதினார்: வெண்ணிற வீழ்படிவு. இரண்டாவதில் பேனை நின்றது. மூன்றாவதற்கு "கரையும்" என்று எழுதி, வெட்டி, திரும்பவும் "கரையும்" என்றே எழுதினார். மிகையான சோடியம் ஐதரொட்சைட்டில்தான் அந்த வீழ்படிவு கரையும், அமோனியாவில் கரையாது. கொப்பியைத் திறந்து பார்த்தார். அந்த வரி மூன்று நிறத்தில் இருந்தது. ஐந்து நிமிட வேலைதான் இது. ஆனால் அந்த ஐந்து நிமிடமும் அவர் கண் தாளை விட்டு அசையவில்லை. கவனம் இல்லாத பிள்ளை என்று சொல்லி அனுப்பப்பட்டவர் அவர்.

இது உறுதியான பகுதி. 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களுக்கு ஒரு பந்தியைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதை இரண்டு தடவை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை வாசித்தவர்கள் கொஞ்சம் முன்னுக்கு நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு 42 வீதமும், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 வீதமும் நினைவிருந்தது. திரும்ப வாசிப்பவருக்குத் தனக்குத் தெரியும் என்கிற நம்பிக்கை கூடுதலாக இருக்கும், அதுதான் பொல்லாத இடம். இதற்குப் பிறகு எத்தனையோ பேர் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துவிட்டார்கள், முடிவு ஆட்டம் காணவில்லை. 2013இல் டன்லொஸ்கியும் கூட இருந்தவர்களும் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது மேலே வந்தவை இரண்டு: தன்னைத்தானே சோதிப்பதும், ஒரே விசயத்தை நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் பார்ப்பதும். ஹைலைட்டர் அடிப்பதும் திரும்ப வாசிப்பதும் கீழே போயின.

ஆகவே வாசிப்பதில் தொடங்காதீர்கள், கேள்வியில் தொடங்குங்கள். ஒரு அலகைத் தொடுவதற்கு முதல் பழைய பேப்பரில் அந்த அலகுக்குரிய கேள்விகளைப் புத்தகம் பார்க்காமல் செய்யுங்கள். பிழைக்கும், பிழைக்கட்டும். எந்த வரி தெரியாமல் பிழைத்தது என்று கண்டுபிடிக்கப் புத்தகத்தைத் திறக்கும்போது, அதே பக்கத்தை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள். இப்போது நீங்கள் ஒன்றைத் தேடுகிறீர்கள், தேடுகிற மனம் இலேசில் அலையாது. பிழைத்த கேள்விகளை ஒரு தனிக் கொப்பியில் எழுதி, மூன்று நாள் கழித்து ஒரு தடவை, பத்துநாள் போல் கழித்து ஒரு தடவை, மறைத்து வைத்துத் திரும்பச் செய்யுங்கள். இந்த மூன்றும் பத்தும் நான் வசதிக்குச் சொல்வது, அந்த எண்ணில் ஒரு மகிமையும் இல்லை. இடைவெளி வேண்டும் என்பது மட்டும்தான் உறுதி. போன கிழமை விட்ட கேள்வி இந்தக் கிழமை சரிவருவதைக் கண்ணால் காணும்போது வருகிறதே, நீங்கள் கேட்ட ஆர்வம் அதுதான்.

அடுத்தது நேர அட்டவணை. சுவரில் ஒட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன், எல்லாரும் ஒட்டுவார்கள். "காலை 5 முதல் 7 வரை இரசாயனம்" என்று எழுதினால் ஐந்து மணிக்கு எழும்பியவுடன் எந்த அலகு, எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டிவரும். அந்த யோசனையில்தான் போன் கைக்கு வருகிறது. அதற்குப் பதிலாக முதல்நாள் இரவே ஒரு துண்டில் எழுதி மேசையில் வையுங்கள்: "தேத்தண்ணி குடித்த கையோடு, 2019 பேப்பர், 31 முதல் 40 வரை எம்.சி.கியூ., பிழைத்ததற்குக் காரணம்." (இரசாயனத்தில் அந்தப் பத்தும் ஒன்றுக்கு மேற்பட்ட கூற்று சரியாகலாம் என்கிற வகை. தெரிந்த பிள்ளைகளும் சறுக்குகிற இடம் என்பதால் முதலில் அதைச் சொன்னேன்.) "இது நடந்ததும் அதைச் செய்வேன்" என்று நேரத்தோடும் இடத்தோடும் முடிச்சுப்போட்டு எழுதிவைத்தவர்கள், "நன்றாகப் படிக்கப்போகிறேன்" என்று பொதுவாக நினைத்தவர்களைவிடக் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதைக் கொல்விட்சர் என்ற உளவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்தார், 94 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2006ஆம் ஆண்டுத் தொகுப்பிலும் அந்த முடிவு நின்றது.

டியூசனைப் பற்றி ஒரு வார்த்தை, இது முழுக்க என் அபிப்பிராயம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, பாதையில் (மிதவைப் படகில்) ஏறி வாவியைக் கடந்த காலம் போய், படுவான்கரைப் (வாவிக்கு மேற்குக் கரை) பிள்ளைகளுக்கு எழுவான்கரை (கிழக்குக் கரை) வகுப்புகளெல்லாம் கிட்டவாகிவிட்டன. நல்ல விசயம். ஆனால் ஒரே பாடத்துக்கு இரண்டு மூன்று சேர்மாரிடம் போகிற பழக்கமும் கூடவே வந்துவிட்டது. செகண்ட் ஷையில் தியரி வகுப்பைத் திரும்ப முழுசாகக் கேட்பது, நான் மேலே சொன்ன திரும்ப வாசிப்பதன் செலவு கூடிய வடிவம்தான். ஒரு பாடத்துக்கு ஒரு பேப்பர் கிளாஸ் (கேள்வித்தாள் செய்யவைக்கிற வகுப்பு) போதும் என்பேன். மிச்ச நேரம் வீட்டில் தனியாகப் பேனை பிடிக்கிற நேரமாக இருக்கட்டும்.

இனிக் கவனம். போனைப் பற்றி எழுதாமல் முடியாது. ஒரு வேலையின் நடுவில் இன்னொன்றுக்குத் தாவினால், திரும்பி வந்த பிறகும் மனத்தின் ஒரு பகுதி கொஞ்ச நேரத்துக்கு அங்கேயே நிற்கும். இது சோதித்துக் காட்டப்பட்டது. வாட்ஸ்அப் குறூப்பை "ஒருக்கா" எட்டிப் பார்ப்பதன் விலை அந்த ஒரு நிமிடம் மட்டுமல்ல. போன் நிறுத்தி வைத்திருந்தாலும் மேசையில் இருந்தாலே மூளைத்திறன் குறையும் என்று 2017இல் ஒரு ஆய்வு பிரபலமாயிற்று. அதைத் திரும்பச் செய்து பார்த்த எல்லாருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை, ஆகவே அதைச் சத்தியமாக எடுக்க வேண்டாம். எப்படியும் தள்ளிவைப்பதில் நட்டமில்லை. சிக்கல் என்னவென்றால் உங்கள் டியூட்டும் (டியூசன் தாள்களும்) குறிப்புகளும் அந்தப் போனுக்குள்தான் வருகின்றன. அதனால் "போனைத் தொடாதே" என்ற புத்திமதி உங்களுக்கு உதவாது. தேவையான பேப்பர்களை ஒரு கிழமைக்குச் சேர்த்துப் போட்டோகொப்பிக் கடையில் பிரிண்ட் எடுங்கள். காசு போகும்தான், ஆனால் டேட்டாக் காசை மிஞ்சாது என்று நினைக்கிறேன். ஒன்லைன் வகுப்பு நேரம் தவிர்த்து, படிக்கும்போது போன் அம்மாவிடம் இருக்கட்டும். கேட்டு வாங்க வேண்டி இருந்தாலே பாதி ஆசை போய்விடும்.

இடமும் நேரமும் நம் பக்கத்தில் பெரிய விசயம். கொழும்பில் ஏசி நூலகத்தில் இருந்து எழுதுகிறவர்களின் அறிவுரை தகரக் கூரைக்குள் சித்திரை மாத மத்தியானத்துக்குப் பொருந்தாது. அந்த வெக்கையில் மனம் நிற்கவில்லை என்றால் அது உங்கள் குற்றமில்லை. கடினமான பாடத்தை விடியற்காலைக்கு மாற்றுங்கள். மத்தியானத்தில் கொஞ்சம் தூங்குங்கள், அல்லது படம் கீறுவது, கொப்பி ஒழுங்குபடுத்துவது போன்ற மூளைக்குப் பாரமில்லாத வேலையைச் செய்யுங்கள். வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு தொடங்கினால் ஒலிபெருக்கியும் தொடங்கும். அந்த நாட்களில் இரவுப் படிப்பைத் திட்டத்தில் போடாமல், கோயிலுக்குப் போய்வந்து நேரத்தோடு படுத்து எழும்புவது நல்லது. நோன்பு மாதத்தில் காத்தான்குடி, சாய்ந்தமருதுப் பிள்ளைகள் பலர் சஹருக்கு (விடியமுன் சாப்பாட்டுக்கு) எழும்பிய கையோடு இருந்து படிப்பார்கள். அந்த அமைதி மற்ற நேரத்தில் கிடைக்காது என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

தூக்கத்தில் பேரம் பேச வேண்டாம். படித்தது மூளையில் படிவதற்குத் தூக்கம் வேண்டும் என்பது உறுதியானது. 18 வயது வரை 8 முதல் 10 மணித்தியாலம், அதற்கு மேல் குறைந்தது 7 என்பது வைத்தியர்கள் சொல்லும் கணக்கு. இரவு இரண்டு மணி வரை முழித்திருந்து படித்ததைப் பெருமையாகச் சொல்கிற பிள்ளைகளுக்கு அடுத்தநாள் பகல் போய்விடுகிறது, அதைக் கணக்கில் எடுப்பதில்லை. நித்திரை சரியாகக் கொண்டும் எப்போதும் களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றால் ஒருக்கா இரத்தம் சோதித்துப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவு பெண்பிள்ளைகளுக்கு அடிக்கடி வருவது, அதுவும் கவனத்தைக் குலைக்கும். குளிசை எடுப்பதா இல்லையா என்பதை வைத்தியர்தான் சொல்ல வேண்டும், நான் இல்லை.

வீடியோக்களில் அடிபடுகிற மற்றச் சங்கதிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வு என்பது ஒரு வசதி, 25 என்ற எண்ணுக்கு விசேடம் கிடையாது. எழுதுவதில் ஊறிப்போய் இருக்கும்போது மணி அடித்தது என்று எழும்ப வேண்டாம். 21 நாளில் பழக்கம் படியும் என்பது பிழை. 2010இல் லண்டனில் அளந்து பார்த்தபோது நடுக்கணக்கு 66 நாள், ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. நான் பார்த்துப் படிக்கிற ஆள், நான் கேட்டுப் படிக்கிற ஆள் என்று வகை பிரித்துப் படிப்பிப்பதால் பலன் கூடும் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. மனஉறுதி என்பது பாவிக்கப் பாவிக்கத் தீர்ந்துபோகும் என்ற கொள்கை ஒரு காலத்தில் புகழாக இருந்தது. 2016இல் 23 ஆய்வுகூடங்கள் 2000க்கு மேற்பட்டவர்களை வைத்துச் சோதித்தபோது அந்த விளைவு தென்படவில்லை. இப்போது அது சந்தேகத்தில் இருக்கிறது.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். வைத்தியத் துறைக்குப் போக வேண்டும் என்பது யாருடைய ஆசை? நம் ஊர்களில் பிள்ளை சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கு ஏ எடுத்தால் உயிரியல் பிரிவு என்று வீட்டில் முடிவாகிவிடும். தானாகத் தெரிந்தெடுத்ததில்தான் ஆர்வம் நீடிக்கும் என்பதை டெசி, ரயன் என்ற இருவர் பல காலம் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். அதற்காகப் பிரிவை விடுங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, உங்கள் குடும்ப நிலையும் எனக்குத் தெரியாது. உங்களுக்கு உண்மையில் பிடித்த ஒரு காரணம், சின்னதாக இருந்தாலும், அதற்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தாதியர் பட்டம், விவசாயம், மீன்பிடி விஞ்ஞானம் என்று அந்தப் பிரிவிலிருந்து போகிற வழிகள் பல. பல்கலைக்கழக அனுமதியில் திறமை அடிப்படையில் 40 வீதம், மாவட்ட அடிப்படையில் 55 வீதம், பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதம் என்று இடங்கள் பிரிகின்றன. அந்தக் கடைசிப் பட்டியலில் மட்டக்களப்பும் அம்பாறையும் இருக்கின்றன. மூன்று தடவை தோற்றலாம். ஆகவே யாழ்ப்பாணத்து யூடியூப் பிள்ளையின் இசட் புள்ளியை (பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி) பார்த்து நடுங்கத் தேவையில்லை, நம் மாவட்டத்தின் போன வருட வெட்டுப்புள்ளியைப் பாருங்கள்.

இன்னொன்று, தனிமை. கூடப் படித்தவர்கள் வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களுக்குப் போய்விட்டார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் "ரிசல்ட் என்ன மகள்?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். இப்படி இருக்கும்போது மனம் புத்தகத்தில் நிற்காமல் அலைவது இயல்பு. செகண்ட் ஷை எடுக்கிற இன்னொரு பிள்ளையைத் தேடிப்பிடித்து, கிழமைக்கு இரண்டு நாள் சேர்ந்து ஒரு பேப்பரை நேரம் வைத்து எழுதுங்கள். இரண்டு மணித்தியாலத்தில் 50 எம்.சி.கியூ. என்பது தனியே இருந்து செய்யும்போது ஒருநாளும் முழுசாக நடக்காது. பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தால் எழும்ப வெட்கமாக இருக்கும், அந்த வெட்கம் நல்லது.

இனிக் கடைசிக் கேள்வி, மூளையில் பிரச்சினையா என்பது. நீங்கள் எழுதியதை வைத்து மட்டும் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் எழுத்தைப் பார்த்து அதைத் தீர்மானிக்க யாராலும் முடியாது. இரண்டு கிழமைக்கு மேலாகப் பெரும்பாலான நாட்களில் மனம் சோர்ந்திருந்தால், முன்பு பிடித்தவை எதுவும் இப்போது பிடிக்கவில்லை என்றால், சாப்பாடும் நித்திரையும் குழம்பியிருந்தால், இருந்து என்ன பயன் என்ற நினைப்பு வந்தால், அதை டியூசனோ அட்டவணையோ சரிப்படுத்தாது. அது வைத்தியம் பார்க்க வேண்டிய விசயம். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஊர் என்ன சொல்லும் என்று அம்மா தயங்கினால், நித்திரை வருகுதில்லை என்று காட்டப்போகிறோம் என்று சொல்லியாவது போங்கள். கவனச்சிதறல் சிறு வயதிலிருந்தே, வீட்டிலும் வகுப்பிலும் விளையாட்டிலும்கூட இருந்தது என்றால் அதையும் அங்கே சொல்லுங்கள், அதற்கென்று வேறு பரிசோதனை உண்டு.

காலக்கணக்கு ஒன்றும் சொல்லிவிடுகிறேன். பரீட்சை மாதம் வருடத்துக்கு வருடம் மாறுகிறது. 2024இலும் 2025இலும் அது நவம்பரில் வந்தது, நம் மாரியும் அப்போதுதான். 2024இல் பரீட்சை தொடங்கிய கிழமையே வெள்ளம் வந்து சில நாட்கள் ஒத்திவைத்தார்கள். படுவான்கரையில் மழை பிடித்தால் தெரு மூடும், கரண்ட் போகும், வகுப்பு நடக்காது. ஆகவே கடைசி மாதத்தை நம்பிப் பெரிய அலகு எதையும் மிச்சம் வைக்காதீர்கள். உங்கள் பரீட்சை நவம்பரில் என்றால், புரட்டாதி முடியுமுன் எல்லா அலகுக்கும் ஒரு சுற்றுக் கேள்விகள் செய்து முடித்து, மழைக்காலத்தைப் பிழைக் கொப்பிக்கு விட்டுவிடுங்கள். அதற்கு இணையமும் வேண்டாம், பஸ்ஸும் வேண்டாம்.

எந்த அலகு உங்களைப் போட்டு வதைக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. இரசாயனம் என்றால் அலகின் பெயரை எழுதுங்கள், எந்தக் கேள்வியில் தொடங்கலாம் என்று சொல்கிறேன். உயிரியலுக்கும் பௌதிகத்துக்கும் அந்தப் பாடம் படிப்பித்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் அவர்கள் சொல்லட்டும், அதில் நான் தலை போடுவது சரியில்லை.